லீலாவை யாரும் கேக்கல

ஆரணியில பட்டுத்தறி இருக்கிற எந்த வீட்டுக்குப் போயி "பாவு பிணைக்கிற லீலா"ன்னு கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க. ஆனா பாதிப்பேரு, "யாரு, நொண்டி லீலாவா?"ன்னு ஒருதரம் கேட்டுட்டுத்தான் சொல்லுவாங்க. அவங்க வாயில கொள்ளிய வெக்க. பாவு பிணைக்கிற லீலா ஊருக்கே ஒருத்திதான். ரெண்டு பேரு இருந்து அடையாளத்துக்குச் சொன்னாக்கூட போவட்டும்னு விடலாம்.

அவ வேலை இன்னான்னா, தறியில ஒரு பாவு, அதாவது நீளவாக்குல ஓடற நூலு, தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையோட நுனியில புது இழையை ஒண்ணொண்ணா சேத்து முறுக்கணும். நாலாயிரத்துக்கு மேல இழை இருக்கும், ஒவ்வொண்ணும் தலைமுடியைவிட மெல்லிசு. விரல்ல சாம்பலைத் தொட்டுகினு இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு எடுத்து ஒரே உருட்டு. அவ்ளோதான். ஒரு இழை மாறிப்போனாலும் சேலை முழுக்கக் கோடு விழும். லீலா கைபட்ட பாவுல கோடு விழுந்துச்சுன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல.

மூணு வயசுல ஒரு காய்ச்சல் வந்து வலது காலு சூம்பிப்போச்சு. போலியோ. முட்டி மேல கையை ஊனிகினு நடப்பா. வெளிய போக அரசாங்கம் குடுத்த மூணு சக்கர ஸ்கூட்டர் இருக்குது. இப்போ வயசு முப்பத்திநாலு. காலைத் தவிர மத்ததெல்லாம் அவளுக்கு நல்லாத்தான் இருக்குது. முக்கியமா வாயி.

அப்பா செத்தப்புறம் அவளை வளத்தது அண்ணன் கந்தசாமி. பொய் சொல்லக்கூடாது, நல்லா வளத்தான். மழையானாலும் வெயிலானாலும் தோள்ல தூக்கிகினு போயி ஸ்கூல்ல விட்டான். அவளுக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் நான் பண்ணிக்க மாட்டேன்னு முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் காத்துகினு இருந்தான். தேவிகாபுரத்துல இருந்து கிரண்னு ஒரு நெசவுக்காரப் பையனைப் பாத்து, தன் வீட்டுலயே ரூம்பும் தறியும் குடுத்து வெச்சுகினான். ஊரே அவனைத் தெய்வம்னுச்சு. நல்லவன்தான். அங்கதான் வந்துச்சு பேஜாரு. கெட்டவன்னா நாலு பேரு உஷாரா இருப்போம். நல்லவன் பண்றதை யாரு கேக்குறது?

இன்னொண்ணும் சொல்லிடணும். லீலா பேர்ல நெசவாளர் சங்கத்துல கணக்கு இருக்குது. ஆபீஸ் மாடியில, இருபத்திரெண்டு படி, புடிச்சுக்கக் கைப்பிடி கிடையாது. கீழ இறங்கி வந்து ஒரு நோட்டை நீட்ட அங்க எவனுக்கும் முதுகு வளையல. அதனால அவளுக்குப் பதிலா கந்தசாமி போயி "லீலா"ன்னு கையெழுத்துப் போடுவான். எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒண்ணும் சொல்லல. அவன் போடறது கோணலா இருக்குதுன்னு லீலாவே பழைய நோட்டுல இருபது தரம் எழுதிக் காட்டி, "லா-வுக்கு வால இப்படி இழுண்ணா"ன்னு சிரிச்சுகினே சொல்லிக் குடுத்தா. ஒரு மாசத்துல அவன் போடறது எது, இவ போடறது எதுன்னு அவளுக்கே தெரியாமப் போச்சு.

கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு லீலா உண்டானா. சும்மா ஆகல. நாள் பாத்து, எண்ணி, வேணும் வேணும்னு ரெண்டு பேரும் ஆசைப்பட்டு உண்டான பிள்ளை. அதுக்குத் தெருவுல வந்த கேள்வி இன்னா தெரியுமா? "தவறிப்போயி ஆயிடுச்சாடி?" எதிர்வீட்டு ராஜம்மாள் மூக்குமேல விரலை வெச்சுகினு, "ஐயோ, தெரியாம ஆயிடுச்சா? இப்பவே மாத்திரை போட்டா கலைஞ்சிடுமாமே"ன்னா. அதே வருஷம் அண்ணி தீபா ரெண்டாவது பிள்ளை உண்டானப்போ இதே ராஜம்மாள்தான் சக்கரைப் பொங்கல் பண்ணிக் குடுத்தா.

"ஏன் ராஜம்மாக்கா, உங்களுக்கு நாலு பிள்ளையும் தெரிஞ்சுதான் ஆச்சா?"ன்னு கேட்டா லீலா. ராஜம்மாள் ஒரு மாசம் பேசல. நிம்மதியா இருந்துச்சு.

அந்தப் பிள்ளை தங்கல. மூணாவது மாசம் ரத்தம் பட்டுச்சு. கிரண் முகூர்த்தச் சேலை ஒண்ணை நெஞ்சு முடிச்சு அறுத்துக் குடுத்துட்டு வரேன்னு தறியில இருந்தான். கந்தசாமிதான் ஆட்டோ புடிச்சு ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிகினு போனான். மயக்க மருந்து குடுத்து வயித்தைச் சுத்தம் பண்ணாங்க. கண்ணு முழிச்சப்போ அண்ணன் பக்கத்துல உக்காந்து அழுதுகினு இருந்தான். அவ அவனைத் தேத்தினா. கொடுமையைப் பாருங்க, அவ அவனைத் தேத்தினா!

அதுக்கப்புறம் நாலு வருஷம். மாசாமாசம் எண்ணி எண்ணி ஏமாந்த நாலு வருஷம். தூரமானா ரத்தம் கொட்டும், இடுப்பு விட்டுப்போவும், ஒருநாளும் முன்னாடி அப்படி இருந்ததில்ல. வலியோட வலியா பாவு பிணைப்பா. கந்தசாமி போளூர்ல ஒரு வைத்தியர்கிட்ட இருந்து லேகியம் வாங்கியாந்து குடுப்பான். "ஸ்கேன் எடுத்துப் பாக்கட்டுமாண்ணா?"ன்னா, "அதெல்லாம் சூடு, உடம்பு தாங்காது"ம்பான். படவேட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயில்ல மரத்துல தொட்டில் கட்டினா பலிக்கும்னாங்க. மரத்துகிட்ட மேடு, ஸ்கூட்டர் ஏறாது. கந்தசாமி முப்பது வயசுத் தங்கச்சியை சின்னப்பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கிகினு ஏறினான். அவ மஞ்சத்துணியில தொட்டில் கட்டற வரைக்கும் இடுப்பைத் தாங்கிகினு நின்னான். பாத்தவங்க கண்ணுல தண்ணி. அண்ணன்னா இவன்தான் அண்ணன்னாங்க.

போன தை மாசம் தெருவுக்குப் புதுசா ஒரு நர்ஸ் வந்தா, சுகன்யான்னு பேரு. பெரிய நோட்டு ஒண்ணு கையில. வீட்டு வீடா உக்காந்து கல்யாணமான பொம்பளைங்களை விசாரிச்சுகினு வந்தா. தீபாகிட்ட, "அடுத்த குழந்தை வேணுமா, தள்ளிப் போடுறீங்களா, போதும்னு இருக்கீங்களா?"ன்னு கேட்டு எழுதினா. லீலா ரெண்டு முழம் தள்ளி உக்காந்து இழை பிரிச்சுகினு இருந்தா. நர்ஸ் நோட்டை மூடிகினு எழுந்துட்டா.

"இன்னாம்மா, என்னைக் கேக்க மாட்டீங்களா?"

"உங்களுக்கு... இருங்க, உங்க பேரு இதுல இல்லையே"ன்னா சுகன்யா. முன்னாடி இருந்த நர்ஸ் ஏழு வருஷமா அந்த வீட்டுல தம்பதின்னு ஒரே ஒரு ஜோடியைத்தான் எழுதி வெச்சிருந்தா.

"எனக்குத் தாலி தெரியலையா? இல்ல, காலு சூம்பினவளுக்குப் புருஷன் பக்கத்துல வரமாட்டான்னு நெனச்சீங்களா? எழுதுங்க. லீலா, கிரணோட பொண்டாட்டி. குழந்தை வேணும். தள்ளிப் போடல, போதும்னும் இல்ல. வேணும்."

சுகன்யாவுக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. ஆனா நல்ல பொண்ணு. மறுபடியும் உக்காந்து அத்தனையும் எழுதினா. மாசாமாசம் ரத்தம் கொட்டறதைக் கேட்டதும் பேனாவை நிறுத்திட்டு, "நாளைக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் கூட இருக்கேன்"ன்னா. அன்னிக்குக் கந்தசாமி ஊர்ல இல்ல, பட்டு வாங்க பெங்களூர் போயிருந்தான். இருந்திருந்தா ஏதாவது சொல்லித் தடுத்திருப்பான்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைப் பாத்துகினே கோவமா கேட்டாங்க. "ஏம்மா, விளையாடறியா? உள்ள காப்பர் டி வெச்சுகினு குழந்தை இல்லன்னு வந்து நிக்கிறியே!"

வெளிய வரிசையில நின்ன பொம்பளைங்க சிரிச்சாங்க. லீலாவும் முதல்ல சிரிச்சிட்டா. வேற யாருக்கோ சொல்றாங்கன்னு.

"எது மேடம்?"

"காப்பர் டி. பிள்ளை உண்டாவாம இருக்க கர்ப்பப்பையில வெக்கிறது. உன்னைக் கேக்காமலா வெச்சாங்க?"

அந்தம்மா சும்மா கேட்ட கேள்வி அது. ஆமா, கேக்காமத்தான் வெச்சாங்க. லீலா வயித்துமேல கையை வெச்சா. நாலு வருஷமா லேகியம் தின்ன வயிறு, செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை பட்டினி போட்ட வயிறு, தெருவே மலட்டு வயிறுன்னு பேரு வெச்ச வயிறு. உள்ள ஒருத்தன் கம்பியைச் சொருகிட்டுப் போயிருக்கான்.

நேரா நர்சிங் ஹோமுக்கு வண்டியை விட்டா. சுகன்யா பின்னாடி உக்காந்துகினா. அங்க, பழைய ஃபைலெல்லாம் இல்ல, நாளைக்கு வாங்க, டாக்டர் இல்லன்னு ஆரம்பிச்சாங்க. "எடுக்கறியா, இல்ல வாசல்ல உக்காந்து கத்தட்டுமா? நடக்கத்தான் வராது எனக்கு. கத்த நல்லா வரும்"ன்னா லீலா. அரை மணியில ஃபைல் வந்துச்சு.

கடைசித் தாள்ல இருந்துச்சு. காப்பர் டி பொருத்திக்கொள்ளச் சம்மதம். தேதி, மயக்கத்துல இருந்த அதே நாளு. கீழ அழகா, லா-வுக்கு வால இழுத்து, லீலா.

"இது உங்க கையெழுத்துதானே?"ன்னு ரிசப்ஷன் பொண்ணு கேட்டா.

அவ சொல்லிக் குடுத்த வாலு. சிரிச்சுகினே சொல்லிக் குடுத்தது. அவளை மயக்கத்துல படுக்கவெச்சுட்டு, சங்கத்து நோட்டுல போடற மாதிரி பேனா எடுத்து ஜல்தியா போட்டுட்டு வந்திருக்கான். கை தயங்கிக்கூட இருக்காது. அத்தனை வருஷப் பழக்கம்.

மறுநாள் மத்தியானம் கந்தசாமி பெங்களூர்ல இருந்து வந்தான். பட்டு மூட்டையை இறக்கி வெச்சு, தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் லீலா பொறுத்துகினா. கிரண் தறியில இருந்தான். தீபா சோறு போட்டுகினு இருந்தா.

"அண்ணா, நாலு வருஷம் முன்னாடி நர்சிங் ஹோம்ல எனக்குள்ள இன்னா வெச்சாங்க?"

கந்தசாமி பொய் சொல்லல. அதையும் சொல்லிடணும். "உக்காரு லீலா"ன்னான்.

"உக்காந்துதான் இருக்கேன். காலம்பூரா உக்காந்துதான் இருக்கேன். சொல்லு."

"உனக்கு இடுப்பு குறுகல்னாங்க. அடுத்த தரம் உண்டானா உயிருக்கே ஆபத்து ஆனாலும் ஆவும்னாங்க. இதை வெச்சிட்டா பயமில்லன்னாங்க. உன்னைக் கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"அதனால கேக்கல."

"அதனாலதான் கேக்கல."

"அப்போ லேகியம்?"

அவன் தலையைக் குனிஞ்சுகினான்.

"தொட்டில் கட்ட என்னைத் தூக்கிகினு போனியே, அது இன்னாத்துக்கு? நீயே பூட்டிட்டு, நீயே என் கூட சாவி தேடினியா? சாமியை ஏமாத்தினியா, என்னை ஏமாத்தினியா?"

"உன் மனசு ஆறட்டும்னு பண்ணேன். நீ தினம் அழுதுகினு இருந்த."

"நீ வெச்ச கம்பிக்குத்தான் அழுதேன்!"

இங்கயே அவன் கால்ல விழுந்திருந்தாக்கூட கதை வேற மாதிரி போயிருக்கும். அவனுக்கும் கோவம் வந்துடுச்சு. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தவனுக்கு இதுதானா மரியாதைன்னு வந்துடுச்சு. உள்ள எவ்ளோ நாளா கிடந்துச்சோ, வாயைத் தாண்டிடுச்சு. "பொறக்கறதும் உன்ன மாதிரியே பொறந்தா? யாரு தூக்கறது? ஒண்ணைத் தூக்கினதே போதும்டி இந்தத் தோளுக்கு."

தீபா கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுச்சு.

போலியோ வந்த காலு வயித்துக்குள்ள இறங்கி பிள்ளைக்கு ஒட்டிக்குமா? அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும், ஒட்டாதுன்னு. அவனுக்கும் தெரியும். அதுவா விஷயம்? அவளை மாதிரி ஒண்ணு இந்த உலகத்துல இன்னொண்ணு வேணாம். அதான் விஷயம். ஸ்கூலுக்குத் தூக்கிகினு போனப்போ, கல்யாண மேடைக்குத் தூக்கிகினு போனப்போ, எல்லாம் அந்தத் தோளு இதைத்தான் நெனச்சுகினு இருந்திருக்குது. லீலாவுக்கு அந்த நிமிஷம் அண்ணன் செத்தான்.

அவ தறிப்பக்கம் திரும்பினா. இவ்ளோ சத்தத்துக்கும் கிரண் தறிக்குழியில இருந்து எழுந்து வரல. ஊடு நூல் ஓட்டுற நாடாவைக் கையில புடிச்சுகினு அப்படியே உக்காந்திருந்தான்.

"இன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

கிரண் நாடாவை மெதுவா கீழ வெச்சான்.

"உங்களைத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"ரெண்டு வருஷமா"ன்னான் கிரண். "ஸ்கேன் எடுக்கலாம்னு மச்சான்கிட்ட கேட்டேன். அப்போ சொன்னாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. தறி அவரோடது, வீடு அவரோடது. நான் இன்னா பண்ணுவேன் லீலா?"

ரெண்டு வருஷம். மாசாமாசம் அவ ஏமாந்து முதுகைக் காட்டிப் படுத்தப்போ, "அடுத்த மாசம் பாக்கலாம்"னு தடவிக் குடுத்த கை அது. அண்ணன் கம்பியை ஒரு தரம்தான் வெச்சான். இவன் மாசாமாசம் வெச்சிருக்கான். லீலா அழுவான்னு எல்லாரும் பாத்தாங்க. அவ அழல. பக்கத்துல இருந்த சாம்பல் கிண்ணத்தை எடுத்து செவுத்துல அடிச்சா. வீடெல்லாம் சாம்பல், புதுச் சேலை மேலயும் சாம்பல்.

மறுநாள் காலையில குளிச்சு, தலை சீவி, ஆஸ்பத்திரிக்குப் போயி கம்பியை எடுத்துடறேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தா. கந்தசாமி வாசல்ல வந்து நின்னான். "என் பேச்சை மீறிப் போனீன்னா, திரும்பி இந்த வீட்டுக்கு வரக்கூடாது."

"வரல. ஆனா ஒண்ணு, இனிமே உன் தறிக்கு நான் பாவு பிணைக்க மாட்டேன். ஆரணியில நான் பிணைக்கலன்னா எவளும் உனக்குப் பிணைக்க மாட்டா, அதையும் பாத்துக்கோ. நகரு."

நகந்தான்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அன்னிக்குக் கோவப்படல. இடுப்பைப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, ரொம்ப நேரம் பேசினாங்க. "உண்டானா பிள்ளையை ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கற மாதிரி இருக்கும். ஜாக்கிரதையா இருக்கணும், ஆரம்பத்துல இருந்தே எங்க பார்வையில இருக்கணும். ஆனா பெத்துக்கலாமே! முடியாதுன்னு யாரு சொன்னது?"ன்னாங்க. வயசு முப்பத்திநாலு ஆயிடுச்சேன்னு லீலா கேட்டா. "இன்னும் டைம் இருக்குது. ரொம்ப இல்ல"ன்னாங்க. லீலா மனசுல அந்த நாலு வருஷத்தைக் கழிச்சுப் பாத்தா. முப்பது. அந்த முப்பதை யாருகிட்ட போயி கேக்குறது?

கம்பியை எடுக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. கையெழுத்து வேணும்னாங்க. "கூட யாரு வந்திருக்காங்க?"ன்னு அங்க இருந்த நர்ஸ் கேட்டா. "யாரும் வரல, நான்தான் வந்திருக்கேன்"னு பேனாவை வாங்கி, லா-வுக்கு வாலில்லாம மொட்டையா எழுதிக் குடுத்தா.

வெளிய வந்தப்போ கிரண் நின்னுகினு இருந்தான். பஸ் புடிச்சு வந்திருக்கான். கையில ஒரு இளநி. வெயில்ல நின்னு நின்னு சட்டையெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

அவன் மூஞ்சி மலர்ந்துச்சு. பாவம், நிஜமாவே மலர்ந்துச்சு. "நாம தேவிகாபுரத்துக்கே போயிடலாம் லீலா. அங்க ஒரு தறி வாடகைக்குக் கிடைக்கும். மச்சான் மூஞ்சியிலயே முழிக்க வேணாம். டாக்டர் இன்னா சொன்னாங்க? குழந்தை பொறக்கும்தானே? நமக்குப் பொறக்கும்தானே?"

லீலா இளநியை வாங்கல. ஸ்கூட்டர்ல ஏறி, காலைத் தூக்கி உள்ள வெச்சுகினா.

"எனக்குப் பொறக்கும்னாங்க"ன்னா. "குழந்தை வேணும்னு நான் சொன்னது நிஜம், அது மாறல. உங்க குழந்தையா இருக்கணுமான்னுதான் இனிமே யோசிக்கணும்."

அவன் புரியாத மாதிரி பாத்தான். அப்புறம் புரிஞ்சுது. எப்பவும் போல பின்சீட்டுல ஏறி உக்காந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சானோ இன்னாவோ, இளநியைக் கீழ வெச்சுட்டு வண்டிக் கம்பியைப் புடிச்சு ஒரு காலைத் தூக்கினான்.

"பஸ்ல வாங்க"ன்னு சொல்லிட்டு லீலா வண்டியைக் கிளப்பினா.